வெள்ளிக்கிழமைக் கிட்டம்

என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கெட் டின் இருக்கிறது. உள்ளே பச்சை, கறுப்பு, செங்கல் சிவப்பு என்று பல நிறத்தில் சில்லுகள். கண்ணாடி என்றும் சொல்ல முடியாது, கல் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் காகிதத்தில் மடித்து, மேலே கிழமையும் கலவை எண்ணும் எழுதி வைத்திருக்கிறேன். வீடு மாறும்போதெல்லாம் என் மனைவி, "இந்தக் குப்பையையும் தூக்கிட்டு வரணுமா?" என்று கேட்பாள். நான் முறைப்பேன். டின் எங்களோடு வந்துவிடும். இதுவரை மூன்று வீடு மாறிவிட்டது.

அவள் குப்பை என்று சொல்வது ஒன்றும் பொய்யில்லை. செம்பு, பித்தளை, வெண்கலம் எதை உருக்கினாலும் அதிலிருக்கும் அழுக்கெல்லாம் மேலே மிதந்து வரும். அதற்குக் கிட்டம் என்று பெயர். அச்சில் ஊற்றுவதற்கு முன் அதை வழித்து எறிந்துவிடுவார்கள். எல்லாரும் கீழே இருக்கிற உலோகத்தைப் பார்த்துப் பிழைத்தார்கள்; நான் மேலே மிதக்கிற அழுக்கைப் பார்த்துப் பிழைத்தேன். கிட்டம் தானாக வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. நல்ல கிட்டத்தை நாம்தான் செய்ய வேண்டும். எதைப் போட்டால் இளகும், எதைப் போட்டால் அழுக்கைத் தின்னும், எதைப் போட்டால் நல்ல செம்பையும் சேர்த்து விழுங்கிவிடும் என்று கணக்குப் பார்த்துக் கலக்க வேண்டும். அதுதான் என் வேலை. சொன்னால் மரியாதை போய்விடும் என்று என் மாமனாரிடம் 'கெமிஸ்ட்' என்று சொல்லி வைத்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூரில் எங்கே பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. நாங்கள் கெர்பாவ் சாலையில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே, ஓர் அறையில் குடியிருந்தோம். விடியும்போது கீழே மிளகாய் அரைக்கிற மில் ஓட ஆரம்பிக்கும். அந்த அதிர்வில் எங்கள் தண்ணீர்ச் செம்பு தரையில் மெல்ல நகரும். எதிர்வரிசையில் ஒருவர் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அது தெருவுக்கே பொதுவான ரேடியோ. முக்கில் இருந்த காப்பிக் கடையில் பால் விடாத ஒரு கோப்பி-ஓ குடித்துவிட்டு, சிராங்கூன் சாலையில் பூக்கடைகளின் ஈரத்தைத் தாண்டி, சைக்கிளில் காலாங் ஆற்றோரம் போவேன். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அந்த மில் சத்தம் இல்லாமல் பல வருடம் எனக்குத் தூக்கத்திலிருந்து சரியாக எழுந்திருக்க வரவில்லை.

அதற்கு முன்பு செம்பவாங்கில், கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில், சோதனைக் கூடத்து உதவியாளனாக இருந்தேன். அங்கே எல்லாம் புத்தகத்தில் எழுதியிருக்கும். எழுதியதைச் செய்தால் போதும். நான் எழுதாததையும் செய்யப் பார்த்து, மேலதிகாரியிடம் வாயைக் கொடுத்து, வெளியே வந்தேன். தப்பு என் மேல்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைவிட மோசம், எனக்குத் தெரிந்ததுதான் சரி என்ற நினைப்பும் கூடவே வரும்.

என்னைச் சேர்த்துக்கொண்ட முதலாளி தஞ்சைக் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். தாத்தா காலத்திலேயே இங்கே வந்து காயலான் கடை போட்ட குடும்பம். சுங்கை ரோட்டுக்குப் பக்கத்தில் கடை, காலாங் ஆற்றோரம் உருக்குப் பட்டறை. பழைய கப்பல் வால்வு, கண்டென்சர் குழாய், உடைந்த புரொப்பெல்லர் துண்டு, குழாய் மூடி, வீட்டு அண்டா என்று வந்ததையெல்லாம் உருக்கிப் புதிதாகத் தண்ணீர் வால்வு வார்ப்பார்.

"தம்பி, எனக்குச் சாமானைத் தூக்கிப் பாத்தாலே எடை சொல்லத் தெரியும்," என்றார் முதல் நாள். "ஆனா அடுப்புக்குள்ள போனதுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு எனக்கும் தெரியல, யாருக்கும் தெரியல. அதை நீங்க பாருங்க."

நடந்தது இதுதான். புதிய கட்டடங்களுக்குக் குழாய் வேலை எடுத்திருந்த ஒரு சீன முதலாளி, அங்கே தவ்கே என்போம், எங்களிடம் வால்வு கேட்டிருந்தார். மூன்று மாதம் பார்ப்பார். ஒழுகாத வால்வு கொடுத்தால் தொடர்ந்து எங்களிடமே வாங்குவார். எங்கள் வால்வுகள் பார்க்க லட்சணமாக இருந்தன. ஆனால் இரண்டு பக்கமும் அடைத்து, கைப்பம்பால் தண்ணீரை அழுத்தினால், வெளியே முத்து முத்தாக வேர்த்தன. கண்ணுக்கு ஓட்டை எதுவும் தெரியாது. செய்தித்தாளால் துடைத்துவிட்டுப் பார்த்தால் திரும்பவும் வேர்க்கும்.

காரணத்தை நான் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். புரொப்பெல்லர் துண்டுகளில் கொஞ்சம் அலுமினியம் கலந்திருக்கும். நிறத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. அந்தத் துளி அலுமினியம் உருகிய உலோகத்தின் மேல் பால் ஆடை போல ஒரு தோல் போடும். ஊற்றும்போது அந்த ஆடை மடிந்து மடிந்து வால்வின் உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த மடிப்பு வழியாகத்தான் தண்ணீர் கசிந்தது. ஆக, அந்த ஆடையைத் தின்கிற கிட்டம் வேண்டும். நோய் தெரிந்துவிட்டது, மருந்துதான் பாக்கி என்று முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன்.

மருந்து அவ்வளவு சுலபத்தில் கிடைக்கவில்லை. பச்சை பாட்டில்களை உடைத்துத் தூளாக்கினேன். நகைப் பட்டறைக்காரரிடம் வெங்காரம் வாங்கினேன். சலவைக்காரர்கள் வாங்குகிற கடையில் சலவைச் சோடா. துறைமுகப் பக்கத்துச் சாமான் கடையில் புளோர்ஸ்பார் என்ற கல். ஆடையைத் தின்னக்கூடியது அதுதான். இவற்றை இத்தனைக்கு இத்தனை என்று நிறுத்துக் கலந்து, உலோகம் உருகும் மண் பாத்திரமான மூசையில் போடுவேன். கிட்டம் மிதந்ததும் இரும்புக் கம்பியை விட்டு எடுத்து, ஆறியதும் தட்டி உடைத்துப் பார்ப்பேன். சிவப்பாக இருந்தால் செம்பை விழுங்குகிறது. கறுப்பாக இருந்தால் இரும்பு சேர்ந்திருக்கிறது. தேன் போல நூல் விட்டால் கெட்டியாக இருக்கிறது, வழிக்கும்போது உலோகமும் கூடவே போகும். ஒவ்வொரு சில்லையும் மடித்து எண் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் டின்னில் போடுவேன்.

மூசை உட்கார்ந்திருக்கிற உலையைப் பார்த்துக்கொண்டவர் என் வயதுக்காரர். நாங்கள் இருவருமே முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தோம். வாட்டசாட்டமான ஆள். புருவத்தில் பாதி உலைச் சூட்டில் கருகிப்போய், எப்போதும் ஆச்சரியப்படுவது போன்ற முகம். என்னை 'லேப் சார்' என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் எவ்வளவு யோசித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"லேப் சார், உங்க பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்பார், ஒழுகுகிற வால்வைத் துடைத்தபடி. "வால்வுக்குத்தான் படிக்கத் தெரியல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அவருக்கு ஊரில் மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள். குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் கப்பல் ஏறியவர். அந்தக் குழந்தைக்கு அப்போது எட்டு வயது. வருடத்துக்கு ஒரு போட்டோ வரும். எட்டு போட்டோக்களையும் உலைச் சூடு படாத ஒரு சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார். குழந்தை இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டே போனாள். இருவரையும் இங்கே கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. குடிநுழைவு அலுவலகத்தில் மற்ற காகிதமெல்லாம் கொடுத்தாகிவிட்டது. வேலை நிரந்தரம் என்று முதலாளி ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

முதலாளி கொடுக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. பொய் எழுத மாட்டார், அவ்வளவுதான். "பட்டறையே நிக்குமான்னு தெரியலப்பா," என்றார் என் எதிரிலேயே. "நாளைக்கு மூடிட்டா நான் எழுதினது பொய்யாப் போயிடும்லா? தவ்கே ஆர்டர் நிக்கட்டும். மறுநாளே எழுதித் தர்றேன்."

உலைக்காரர் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது கிண்டல் இல்லை. அதற்குப் பிறகு நான் கலக்குகிற ஒவ்வொரு பொடியையும் அவர் பிரசாதம் வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. செவ்வாயும் வெள்ளியும் உலைக்குத் திருஷ்டி சுற்றுவார். கல் உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு எல்லாம் கையில் எடுத்து, உலையை மூன்று சுற்று சுற்றி, ஏதோ முணுமுணுத்து, நெருப்பில் போடுவார். மிளகாய் நெடி தகரக் கூரையில் முட்டித் திரும்பி வரும். முதல் தடவை நான் இருமின இருமலில் கண் பிதுங்கிவிட்டது. கண்பட்டிருந்தால் நெடி வராது, வந்தால் கண் இல்லை என்று அர்த்தமாம். அதையும் அவரே சொன்னார். அப்படியானால் எங்கள் பட்டறையின் மேல் ஒரு நாளும் ஒருத்தரும் கண் வைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் உப்பையும் மிளகாயையும் கையில் எடுத்த உடனே நான் எழுந்து ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன். மரம் ஏற்றிய படகுகளைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்று, மனசுக்குள் திட்டி முடித்துவிட்டுத் திரும்பி வருவேன். வந்ததும் கம்பியை விட்டுக் கிட்டம் எடுப்பேன்.

இரண்டாவது மாதம் ஒரு விஷயம் கவனித்தேன். செவ்வாயும் வெள்ளியும் ஊற்றிய வால்வுகள் வேர்க்கவில்லை. மற்ற நாள் ஊற்றியவை வேர்த்தன. நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கொஞ்சமாவது புத்தி இருக்கிறவனுக்கு அங்கேயே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. செவ்வாயன்று செம்பவாங் பக்கத்துச் சாமான் லாரி வரும், அதனால் நல்ல சாமான் என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை முதலாளி தொழப் போய்விடுவதால் அவசரப்படுத்த ஆள் இல்லை, உலோகம் நன்றாகச் சூடேறுகிறது என்று எழுதினேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை போட்டது பதினான்காம் கலவை. கிட்டம் அழகாக இளகி, வழிக்கும்போது உலர்ந்த தவிடு போல வந்தது. பதினான்குதான் மருந்து என்று முதலாளியிடம் அறிவித்துவிட்டேன்.

அறிவித்ததோடு நின்றிருக்கலாம். இனிமேல் எல்லாம் ஒழுங்காக, ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்று உலைக்காரரைக் கூப்பிட்டேன்.

"நாளையிலேர்ந்து இந்த உப்பு மிளகாயெல்லாம் வேண்டாம். இது பட்டறை. கோயில் இல்லை."

"ஆர்டர் முடியுற வரைக்குமாவது இருக்கட்டுமே சார். பெரிய காரியம். யார் கண்ணு எப்படின்னு சொல்ல முடியாது."

"வேண்டாம்னா வேண்டாம்."

"சரி சார்," என்றார். சொன்னால் சொன்னபடி நடக்கிற மனிதர். மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரம் செவ்வாய் வேர்த்தது. வெள்ளியும் வேர்த்தது. அதற்கடுத்த வாரம் எல்லா நாளும் வேர்த்தது. தவ்கேயின் ஆள் வந்து, ஒரு வால்வைப் பம்பில் மாட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனார். இன்னும் மூன்றே வாரம் இருந்தது. எனக்குத் தலை வெடித்தது. கலவை அதேதான். சாமான் அதேதான். மாறியது எதுவுமில்லை. அப்படியென்றால் யாரோ சரியாகச் செய்யவில்லை. கிட்டத்தை ஒழுங்காக வழிக்காமல் விடுகிறார், திருஷ்டியை நிறுத்திய கோபத்தை வேலையில் காட்டுகிறார். இப்படித்தான் யோசித்தேன். யோசித்ததை முதலாளியிடம் போய்ச் சொல்லவும் செய்தேன்.

"அந்த ஆளை உலையிலேர்ந்து மாத்துங்க. என் கலவை சரியாத்தான் இருக்கு. கைதான் சரியில்லை."

முதலாளி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "நிச்சயமாச் சொல்றீங்களா தம்பி?"

"நிச்சயமா."

உலைக்காரரை வெளியே தகரக் கொட்டகையில், சாமான் பிரிக்கிற வேலைக்கு அனுப்பினார்கள். சுவரிலிருந்த எட்டுப் போட்டோக்களையும் அவர் ஒவ்வொன்றாகப் பிய்க்காமல் பக்குவமாக உரித்து எடுத்துக்கொண்டு போனார். கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. உலையில் வேறொருவர் நின்றார். வால்வுகள் அப்போதும் வேர்த்தன.

அது மழைக்காலம். துணி காயாது, தீக்குச்சி பற்றாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் டின்னைக் கொட்டி, சில்லுகளை எண் வரிசையாகத் தரையில் பரப்பி, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பருப்பு வேகவைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இது மட்டும் ஏன் இப்படி வேர்த்திருக்கு? உப்பு ஜாடியிலயா கிடந்துச்சு?"

பார்த்தேன். சில காகிதங்கள் நனைந்து சில்லோடு ஒட்டியிருந்தன. மை கரைந்து ஊறியிருந்தது. மற்றவை காய்ந்துதான் இருந்தன. நனைந்தவற்றை மட்டும் பிரித்து எடுத்தேன். செவ்வாய். வெள்ளி. செவ்வாய். வெள்ளி. மேலே வெள்ளையாக ஒரு பொருக்கு. ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிட்டேன். உலைக்காரர் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில் நாலைந்து பேரோடு தங்கியிருந்தார். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க திருஷ்டி சுத்தினப்போ உப்பை எங்கே போட்டீங்க?"

"ஏன் சார்? அதான் நிறுத்திட்டேனே."

"நெருப்புலதானே போட்டீங்க?"

"மிளகாயும் கடுகும் நெருப்புல. உப்பை மூசைக்குள்ளே போட்டேன்." அவரே விளக்கினார். "கண்ணு அடுப்பு மேலயா சார் படும்? உள்ள தகதகன்னு கிடக்கே, அது மேலதானே படும்? ஆர்டர் பெருசுன்னு ரெண்டு கை நிறையப் போட்டேன். நீங்கதான் ஆத்துப் பக்கம் போயிடுவீங்களே."

நான் அங்கே இல்லை. அந்தப் பத்து நிமிடமும், என் கிட்டத்துக்கு வேண்டிய சாமானை அவர் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் முதுகைக் காட்டிக்கொண்டு படகு பார்த்தேன். என் புளோர்ஸ்பார் மற்ற நாட்களில் இளகாமல் மணலாகக் கிடந்திருக்கிறது. உப்பு சேர்ந்த நாளில்தான் இளகி, ஆடையைத் தின்றிருக்கிறது. தனி உப்பும் போதாது, தனிக் கலவையும் போதாது. அவருடைய பாதியும் என்னுடைய பாதியும் ஒரே மூசைக்குள் இருந்திருக்கின்றன. நான் அவருடைய பாதியைத் தடுத்துவிட்டு, அவரையும் துரத்தியிருக்கிறேன்.

இதை அங்கேயே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "சரி, பாக்கறேன்," என்று முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் ஒன்றும் அறியாதவர் இல்லை. நான் சைக்கிளைத் திருப்பும்போதே அவர் முகத்தில் எல்லாம் விளங்கிவிட்டது தெரிந்தது.

திங்கட்கிழமை உப்பை நிறுத்து, பொடித்து, என் பொடியோடு கலந்து பதினைந்தாம் கலவை என்று எழுதினேன். கிட்டம் தவிடாக வந்தது. வால்வு வேர்க்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன், எந்த நாளும் வேர்க்கவில்லை. தவ்கேயே நேரில் வந்து, பம்பைத் தன் கையால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார்; இனி எங்களிடமே வாங்குவதாகச் சொன்னார். முதலாளி எல்லாருக்கும் ஆட்டிறைச்சிச் சோறு வாங்கிக் கொடுத்தார். "தம்பியோட மூளை," என்று என் தோளைத் தட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டு சோற்றைத் தின்றேன். கொட்டகையில் உலைக்காரர் குந்தியபடி குழாய் வேறு, வால்வு வேறு என்று பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு பொட்டலம் போயிற்று. அவர் நினைத்திருந்தால் முதலாளியிடம் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்றது. கத்தியிருந்தால் நானும் கத்தி, சண்டை போட்டு, எப்படியோ மறந்திருப்பேன்.

நான்கு நாள் அப்படி இருந்தேன். கேவலமான நான்கு நாள். இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நண்பகல் முதலாளி தொழக் கிளம்பினார். நானும் கூடவே நடந்தேன். எதற்கு வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை. சிராங்கூன் சாலை வெயிலில் மினுங்கியது. பள்ளிவாசல் இருக்கும் தெரு திரும்புகிற இடத்தில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உப்பு, மூசை, ஆற்றங்கரை, டின், நாக்கு, பதினைந்தாம் கலவை. மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நிச்சயமாச் சொல்றீங்களான்னு கேட்டேன்லா?" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "தொழுதுட்டு வர்றேன். இங்கேயே இருங்க."

வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்றுதான் நினைத்தேன். நிறுத்தினால் நியாயம் என்றும் நினைத்தேன். வெளியே வந்தவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இங்கிலீஷ்ல லெட்டர் எழுதத் தெரியும்லா உங்களுக்கு?"

"தெரியும்."

"எழுதுங்க. வேலை நிரந்தரம்னு. இவர் இல்லேன்னா பட்டறை நடக்காதுன்னும் எழுதுங்க. காரணம் கேப்பாங்க. அதையும் நீங்களே யோசிச்சு எழுதுங்க."

காயலான் கடையின் பழைய தட்டச்சு இயந்திரத்தில் அன்று மாலை அதை எழுதினேன். ஒரு எழுத்து மேலே ஏறி விழும். காரணத்துக்கு மட்டும் மூன்று தாள் கிழித்துப் போட்டேன். கடைசியில், எங்கள் தொழிலுக்கு இன்றியமையாத ஒரு செய்முறை இவர் கொண்டுவந்தது, என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய உண்மையான வரி அது. முதலாளி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் உலைக்காரர் போட்டோக்களை மறுபடியும் சுவரில் ஒட்டினார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "இன்னிக்கு உப்பை நீங்களே போடுங்க," என்றேன். அவர் மிளகாயும் கடுகும் சேர்த்தே சுற்றிப் போட்டார். நான் ஆற்றங்கரைக்குப் போகவில்லை. நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். எங்கள் இருவருக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

மனைவியும் மகளும் ஏழெட்டு மாதம் கழித்துக் கப்பலில் வந்தார்கள். நான் துறைமுகத்துக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஆனால் அந்த வாரமே, ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில் மூன்று பேரும் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். புருவம் கருகிய மனிதர் புதுச் சட்டை போட்டிருந்தார். போட்டோவில் பார்த்த பெண் போட்டோவைவிட ஒல்லியாக, அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்தும் பிடிக்காமலும் நின்றாள். அந்த அம்மாள் என் மனைவியிடம், "அக்கா, அடுப்புல கரி இருக்கா?" என்று கேட்டுவிட்டு முந்தானையை அவிழ்த்தார். கல் உப்பு, மிளகாய், கடுகு.

"ஒவ்வொரு காயிதத்துலயும் உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்காக," என்றார் என்னிடம். "லேப் சார்தான் நமக்குன்னு அலைஞ்சு லெட்டர் வாங்கித் தந்தவுகன்னு. எங்களைச் சேத்து வச்ச மகராசன். ஊருக் கண்ணு எல்லாம் உங்க மேலதான் இருக்கும். கிழக்க பாத்து உக்காருங்க."

நான் உலைக்காரரைப் பார்த்தேன். சாமான் கொட்டகையில் குந்தியிருந்த நாட்களிலும் இந்த மனிதர் ஊருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவற்றிலும் என்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதியிருக்கிறார்.

"இல்லைம்மா, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா உக்காருங்க சார்," என்றார் அவர். "இன்னிக்கு ஆத்துப் பக்கமெல்லாம் போக முடியாது."

உட்கார்ந்தேன். அந்த அம்மாள் என் தலையை மூன்று சுற்றுச் சுற்றினார். உப்பு கரியில் பட்டுப் படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகிப் புகை எழும்பியது. குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். பிறகு என் மனைவி இருமினாள், பிறகு உலைக்காரர். எனக்கு மட்டும் இருமல் வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

"பாத்தீங்களா, அவுகளுக்கு நெடியே ஏறலை," என்றார் அந்த அம்மாள் என் மனைவியிடம். "எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு!"